கடைக்குக் காப்புறுதி இருக்கிறது, கடைக்கு வருபவருக்கு?

நமது வியாபாரிகளிடம் கேட்டால், "இன்சூரன்ஸ் எல்லாம் கட்டியிருக்கிறோம்" என்பார்கள். விசாரித்தால் அது தீ, களவு, வெள்ளம் ஆகியவற்றுக்கானது. அதாவது நமது சரக்குக்கு. லொறிக்கும் வேனுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கும். 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் அது இருக்கிறது. நமது கவனயீனத்தால் கடைக்கு வந்தவருக்குக் கேடு நேர்ந்தால் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? பலரிடம் ஒன்றுமில்லை.

கழுவிவிட்ட ஈரத் தரையில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கழுவியவன் கடைப் பையன்தான். என்றாலும் நமது வேலையைச் செய்யும்போது அவன் விட்ட பிழைக்கு முதலாளியே பொறுப்பு. இந்நாட்டில் இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, நட்டஈடு கேட்டு வழக்கிட இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆறு மாதம் சத்தமில்லாமல் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று இருப்பது தப்புக் கணக்கு.

அதற்காக வழக்குப் போட்டவரெல்லாம் வெல்வதுமில்லை. பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான மருத்துவக் கவனயீன வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனத்தால்தான் கேடு நேர்ந்தது என்றும் நிரூபிக்க வேண்டும் என்பதே காரணம். ஆனால் வெல்வதற்கே மூன்று நீதிமன்றங்கள் ஏற வேண்டியிருந்ததைப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுத்தே ஒரு சிறு கடை முடிந்துபோகும். 'பப்ளிக் லயபிளிட்டி' என்னும் பொறுப்புக் காப்புறுதியின் பெறுமதி இங்குதான். கம்பனியின் சம்மதத்தோடு செய்யும் வழக்குச் செலவையும் அது பொதுவாக ஏற்கும்.

சிக்கல் அதன் நிபந்தனையில் இருக்கிறது. கம்பனியின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. சம்பவத்தை உடனே அறிவிக்கவும் வேண்டும் என்று அதில் இருக்கும். நமது ஊர் வழக்கமோ நேர்மாறு. அன்று மாலையே நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, "எங்கட பிழைதான், செலவை நாங்கள் பார்க்கிறோம்" என்று முடித்துவிடுவோம். நல்ல மனதோடு சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கம்பனி கையை விரிக்கலாம். பிறகு பணம் நமது பெட்டகத்திலிருந்துதான் போகும்.

பேசித் தீர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. கோட்டுக்கு அலைவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஒழுங்கை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள். மனிதர் செய்யும் காரியம் அது. யார் பிழை, எவ்வளவு தொகை என்ற பேச்சை மட்டும் கம்பனிக்குக் கடிதம் கொடுத்த பின்னர் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். கட்டுப்பணத்தைத் தமிழில் பேசி வாங்கும் முகவர், இந்த நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் தந்துவிட்டுப் போவது நியாயமில்லை. தமிழில் எழுதித் தராவிட்டால் கையொப்பமிடுவதில்லை என்று நமது வர்த்தகச் சங்கங்கள் நிற்கலாம்.

இன்னொன்று, கடைப் பையனுக்கே காயம் பட்டால் இந்தக் காப்புறுதி பொதுவாக உதவாது. அதற்கு 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கான காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும்.