வெற்றியைத் தண்டிக்கும் சமூகம்: ஜாக் ஜான்சனின் களமும் முகவைக் கரையும்

2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பட்டியல் சாதியைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் வழிமறிக்கப்பட்டு, கீழே இறக்கி அரிவாளால் வெட்டப்பட்டார். அவருடைய கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியொன்றில் அவருடைய அணி வென்றதே இதற்குக் காரணம் என்று குடும்பத்தார் கூறினர். தோற்றவர்களின் ஆத்திரம் என்று இதனைச் சுருக்கிவிட முடியாது. விளையாட்டில் தோற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் அரிவாளைத் தூக்குவதில்லை. யாரிடம் தோற்றோம் என்பதே இங்குக் கேள்வியாகிறது.

அடுத்த மாவட்டமான இராமநாதபுரத்திற்கும் இந்தக் கேள்வி புதிதன்று. கடலோரத்து மணலிலும் சீமைக் கருவேலங்காடுகளுக்கு இடைப்பட்ட திடல்களிலும் கபடி ஆடும், காவல்துறைக்கும் இராணுவத்திற்கும் தேர்வாக ஓடிப் பழகும் தலித் இளைஞர்களுக்கு, உடல் வலிமை என்பது பொழுதுபோக்கு அன்று, பிழைப்புக்கான வாசல். அந்த வாசலிலும் சாதி காவல் நிற்கிறது. கபடிப் போட்டிகளுக்கு அனுமதி வழங்கும்போது, வீரர்களின் சட்டையில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை விதிக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

இந்த மண்ணின் வரலாறும் அதையே சொல்கிறது. இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன், 1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக, பிறருக்கு நிகராக அமர்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பணிந்து நின்றிருந்தால் அவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். நிகராக அமர்ந்ததே குற்றமாயிற்று.

இந்தத் தருக்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய, ஹெவிவெயிட் எனப்படும் மிகு எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் ஜாக் ஜான்சனின் தொழில்முறை வாழ்க்கையைக் கூர்ந்து பார்ப்பது பயனுடையது. இனவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் வென்றவனைத் தண்டிக்கும் முறையில் இரண்டும் நெருங்கிய உறவினர்கள்.

ஜான்சன் 1878இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் துறைமுக நகரமான கால்வெஸ்டனில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் துறைமுகத்தில் வேலை செய்த அவர், குத்துச்சண்டையில் படிப்படியாக உயர்ந்து 1903இல் கறுப்பர்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். ஆம், கறுப்பர்களுக்குத் தனிப் பட்டம் இருந்தது. தேநீர்க் கடையில் தனிக்குவளை இருந்ததைப் போன்றதே அது. உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ், கறுப்பர்களுடன் பட்டத்திற்காக மோத மறுத்து, தோல்வியே காணாதவராக 1905இல் ஓய்வு பெற்றார். மோத மறுத்தால் தோல்வியும் இல்லை. ஆதிக்கத்தின் 'தகுதி' பல வேளைகளில் இவ்வாறுதான் காப்பாற்றப்படுகிறது.

பின்னர்ப் பட்டம் பெற்ற டாமி பர்ன்ஸை ஜான்சன் நாடு நாடாகத் துரத்திச் சென்றார். இறுதியில் 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் போட்டி நடந்தது. பர்ன்ஸுக்கு 30,000 டாலர். ஜான்சனுக்கு 5,000 டாலர். ஒரே மேடை, ஒரே அபாயம், ஆறில் ஒரு பங்கு கூலி. பதினான்காவது சுற்றில் காவல்துறையினர் புகுந்து போட்டியை நிறுத்தினர்; வெள்ளையர் சாய்வதைப் படக்கருவியும் பதிவு செய்யவில்லை. ஆயினும் பட்டம் ஜான்சனுக்கே வந்தது.

உடனே 'வெள்ளை இனத்தின் நம்பிக்கை' ஒருவரைத் தேடும் கூச்சல் பத்திரிகைகளில் எழுந்தது. எழுத்தாளர் ஜாக் லண்டனே ஜெஃப்ரிஸை மீண்டும் களத்திற்கு அழைத்தார். 1910 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், ரீனோ நகரில் ஜெஃப்ரிஸை ஜான்சன் பதினைந்தாவது சுற்றில் வீழ்த்தினார். அன்றிரவு நாட்டின் பல நகரங்களில் வன்முறை வெடித்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மேடையில் வென்றவர் ஒருவர். அந்த வெற்றிக்கான தண்டனையைத் தெருவில் பெற்றவர்கள் பலர். ஒரு மாணவர் தேர்விலோ களத்திலோ முந்தினால் அவருடைய தெருவே அஞ்ச வேண்டியிருக்கும் நம் தென்மாவட்டங்களுக்கு இது அயலான செய்தி அன்று.

வன்முறையால் பட்டத்தைப் பறிக்க முடியாதபோது சட்டம் வந்தது. குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதை 1912இல் அமெரிக்க அரசு தடை செய்தது. வெள்ளையர் தோற்பதை மக்கள் பார்க்கக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம். பின்னர், பெண்களைக் கடத்தி விற்பதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம், வெள்ளைப் பெண்களுடனான ஜான்சனின் உறவுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. 1913இல் முழுக்க வெள்ளையர்களே அமர்ந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. தமிழகத்தில் 'நாடகக் காதல்' என்ற சொல்லைப் பரப்புரையாக்கியவர்களின் மனநிலையை அறிந்தோர்க்கு இந்த வழக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நாட்டைவிட்டு வெளியேறிய ஜான்சன், 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் இருபத்தாறாவது சுற்றில் பட்டத்தை இழந்தார். 1920இல் திரும்பி வந்து சரணடைந்து சிறைவாசத்தை முடித்தார்.

1946இல் அவருடைய இறப்பும் அதே கோட்டில்தான் நிகழ்ந்தது. கறுப்பர் என்பதால் உரிய மரியாதை தர மறுத்த உணவகத்திலிருந்து கோபத்துடன் புறப்பட்ட அவர், கார் விபத்தில் மாண்டார். அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2018இல். தண்டனைக்கு 105 ஆண்டுகள் கழித்து.

ஜான்சனுக்குப் பின் ஒரு கறுப்பருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 22 ஆண்டுகள் ஆயின. 1937இல் வென்ற ஜோ லூயிக்கு அவருடைய மேலாளர்களே நடத்தை விதிகள் வகுத்திருந்தனர்: வீழ்ந்த எதிராளியின் முன் மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது, வெள்ளைப் பெண்ணுடன் நிழற்படம் கூடாது. வெல்லலாம், ஆனால் வென்றவர் போல் நடக்கக் கூடாது. இந்த விதியை மீறிய முகமது அலி, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தபோது, 1967இல் எவரும் அவரைக் களத்தில் வீழ்த்தாமலேயே பட்டம் பறிக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 1971இல் தண்டனையை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியவில்லை. ஜான்சனின் கதையைத் தழுவிய நாடகத்தைப் பார்த்த அலி, அதில் தன்னையே கண்டதாகச் சொன்னார். அந்த அலிதான் 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார்.

வடசென்னையின் குத்துச்சண்டை மரபில் அலியின் பெயருக்கு இன்றும் தனி இடமுண்டு. அந்த மரபை வைத்து பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில், கபிலன் வெற்றியின் விளிம்பில் நிற்கும்போதுதான் மேடையில் தாக்கப்பட்டு ஆடை உருவப்படுகிறான். திரைக்கதைக்கான திருப்பம் என்று அதனைக் கடந்துவிடலாம். ஆனால் சிட்னியில் போட்டி நிறுத்தப்பட்டதும் அப்படியொரு விளிம்பில்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். உலகப் பட்டம் வென்ற ஜான்சன், தகுதி வாய்ந்த பிற கறுப்பு வீரர்களில் ஏறத்தாழ எவருக்கும் பட்டப் போட்டிக்கான வாய்ப்பை வழங்கவில்லை. சாம் லாங்ஃபோர்டு, ஜோ ஜெனட் போன்றோர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். வெள்ளையருடன் மோதினால்தான் பெரும் தொகை கிடைக்கும் என்ற வணிகக் கணக்கு அதற்குள் இருந்தது. ஆகவே, தனியொரு வீரரின் வெற்றி கோட்டைத் தாண்டலாம், கோட்டை அழித்துவிடாது. அழிக்க வேண்டியது அமைப்புகளின், சட்டத்தின், இயக்கத்தின் பணி.

அதனால்தான் முகவைக் கரையில் நாம் ஒரு சாம்பியனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரின் பொதுத் திடல் எல்லாத் தெருவுக்கும் உரியது என்பதை உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் தலித் வீரர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்க வேண்டும். பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த பரிந்துரைகள் விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும் என்று வலியுறுத்த வேண்டும். போட்டியின் பெயரால் நடக்கும் தாக்குதலை 'மாணவர்களிடையே தகராறு' என்று எழுதாமல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் நாளே வழக்குப் பதியச் செய்ய வேண்டும்.

விரல்கள் வெட்டப்பட்ட மாணவருக்கு மருத்துவர்கள் அறுவை செய்து அவற்றைப் பொருத்தினார்கள். அந்தக் கை மீண்டும் எதிராளியைப் பிடித்து நிறுத்துமா என்று தெரியவில்லை. ஆனால் அவர் வயதுடைய இன்னொருவர் இன்று மாலை ஏதோ ஒரு திடலில் கோட்டைத் தொட்டுத் திரும்புவார். அவர் வென்றபின் அச்சமின்றி வீடு திரும்பும் நாளே நம் வெற்றியின் அளவுகோல்.