வழிக்குள் புகுந்த ஊர்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. ஆநிரையே பெருஞ்செல்வமாக விளங்கிய முல்லைநில வாழ்வு அச்சொல்லில் பதிந்து கிடக்கிறது. ஆயர் ஆநிரை மேய்த்த அக்காட்டிலே மானும் முயலும் உடன் வாழ்ந்தன. இன்றோ அந்தத் துலாக்கோல் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது.

2018ஆம் ஆண்டு அறிவியலார் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. உலகிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு கால்நடைகள். 36 விழுக்காடு மனிதர். திமிங்கிலம் முதல் யானை வரை எஞ்சிய அத்தனை விலங்குகளும் சேர்ந்து வெறும் 4 விழுக்காடே! பறவைகளிலும் 70 விழுக்காடு எடை பண்ணைக் கோழி முதலிய வளர்ப்பினங்களுடையது.

இவ்வுண்மையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஓசூரை அடுத்த மத்திகிரியில், 1824இல் படைக்குதிரைகளுக்கெனத் தோன்றிய பண்ணை பின்னர் அரசு கால்நடைப் பண்ணையாயிற்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஆலைகள் பெருகின, பெங்களூரின் அண்மையால் மனைப்பிரிவுகளும் பரந்தன. ஆயினும், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு ஆண்டுதோறும் வரும் யானைகள் தம் பழைய வழியை மறந்தில. கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை ஓசூர் அருகே சானமாவு வரை வருகின்றன. 'ஊருக்குள் யானை புகுந்தது' என்கிறோம். யானையின் வழிக்குள் ஊர் புகுந்ததை யார் சொல்வது?

ஓரிரவில் விளைச்சலை இழக்கும் உழவரின் துயர் சிறிதன்று. உயிர் இழந்தோரும் உளர். காலந்தாழாத இழப்பீடு அவர்தம் உரிமை. ஆனால், அவ்விழப்பின் சுமையை உழவரும் யானையும் மட்டுமே சுமக்க, மனை விற்போரும் வாங்குவோரும் ஒதுங்கி நிற்பது அறமாகுமா? காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பெற்றன. இவை பாராட்டுக்குரியன. எனினும், காட்டையும் காட்டையும் இணைக்கும் வழிகள் அடைபடின் சரணாலயங்களால் முழுப்பயன் விளையாது.

ஆகவே, ஊர்ப் பெரியோர்களே! மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறோம். அது யானை வழியில் அமைந்துள்ளதா என்றும் வனத்துறையிடம் கேட்போம். மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரைச் சுற்றிய வழித்தடங்களை அறிந்து, அவற்றை அடைக்கும் வேலிகளுக்கு எதிராக ஊராட்சிக் கூட்டங்களில் குரல் எழுப்புங்கள். அந்த 4 விழுக்காடு மேலும் தேயாமற் காப்பது நம் அனைவர் கடன்.