குளிர்காயும் ஐரோப்பா

தீயும் நீரும் தம்முட் பகை. தீயை நீர் அவிக்கும். நீரைத் தீ வற்றச் செய்யும். இப்பகை இரண்டையும் ஓர் இரும்புக் கூட்டினுள் அடக்கி, ஒன்றன் ஆற்றலை மற்றொன்று சுமந்து சென்று வீடெங்கும் பரப்புமாறு செய்தல் குளிர்நாட்டார் நெடுங்காலமாகக் கையாண்ட உபாயம். விறகடுப்பினாலே குளிக்கும் நீரையும் அறைகளையும் சூடாக்கும் அவ்வுபாயம், எண்ணெயும் எரிவாயுவும் மலிந்த காலத்திலே பெரும்பாலும் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அது மீண்டும் பேச்சுக்கு வந்தது. வீட்டுக் காரியமாய் மாத்திரமன்றி அரசியற் காரியமாயும் வந்தது. அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலுக்கு ஒதுங்கி வாழும் நமக்கு அடுப்பென்பது சமையற்குரிய பொருள். ஐரோப்பாவிலோ மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்காதிருத்தல் முதியோர்க்கும் குழந்தைகட்கும் உயிருக்கே ஊறாம். அங்கே குடியேறியிருக்கும் என் பழைய மாணாக்கர் எழுதும் கடிதங்களில் வேலையும் பிள்ளைகளின் படிப்புமே முதலிடம் பெறுவது வழக்கம். 2022 மாரியில் வந்த கடிதங்களிலே எரிவாயுக் கட்டணம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. “ஐயா, நாங்களும் ஒரு விறகடுப்பைப் பூட்டினால் என்ன?” என்று ஒருவர் வினவியிருந்தார். அவ்வாண்டில் ஐரோப்பியக் குடும்பங்கள் பல தமக்குள் வினவிய வினாவும் அதுவே.

அடுப்பின் அமைப்பை முதலில் நோக்குவோம். அதன் முதுகுப்புறத்தில் நீர் நிறைந்த இரும்புப் பெட்டி ஒன்று பொருந்தியிருக்கும். தீயினாற் சூடேறிய நீர் பாரங்குறைந்து மேற்குழாய் வழியே எழும். ஆறிய நீர் பாரமுற்றுக் கீழ்க்குழாய் வழியே திரும்பும். இவ்வாறு தானே சுழலும் நீர், உயரத்தில் வைக்கப்பட்ட செப்புத் தாங்கியைச் சூடாக்கும். குளிக்கவும் கழுவவும் வேண்டிய வெந்நீர் அத்தாங்கியினின்று கிடைக்கும். அறைதோறும் சுவரோரம் றேடியேற்றர் எனப்படும் தட்டையான இரும்புக் கலங்கள் நிற்கும். அவற்றுக்கும் அடுப்பிற் சூடேறிய நீரையே செலுத்துவர். தொலைவிலுள்ள கலங்கட்கு மின்சாரப் பம்பி துணைசெய்யும். அயர்லாந்திலும் பிரித்தானிய நாட்டுப்புறங்களிலும் இத்தகைய அடுப்புகள் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தன.

இப்பழைய பொருள் அரசியலுக்குள் வந்தது எவ்வாறு? ஜேர்மனி 2021இல் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் ருஷ்யாவினின்று வந்தது. 2022 பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. அவ்வாண்டு முடியுமுன் பால்டிக் கடற்குழாய் வழி வந்த வாயு நின்றது. செப்டம்பரிற் குழாய்களே கடலடியில் வெடித்துச் சிதைந்தன. அரசரைச் சார்ந்தொழுகுவார்க்குத் தீக்காய்வாரை உவமை காட்டினார் வள்ளுவர். வல்லரசொன்றின் வாயுவை மிக நெருங்கிக் குளிர்காய்ந்த நாடுகளுக்கு அவ்வுவமை உண்மையாகவே பலித்துவிட்டது.

வாயு தட்டுப்படவே மக்கள் விறகை நாடினர். ஜேர்மனியில் ஓராண்டினுள் விறகின் விலை நூற்றுக்கு 80 வீதத்திற்கு மேலாக ஏறிற்று. அங்கேரி 2022 யூலையிலே நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்து, விறகை ஏற்றுமதி செய்தலைத் தடுத்தது. அடுத்த மாதம் காடு வெட்டும் விதிகளையும் தளர்த்தியது. அதனை எதிர்த்து மக்கள் புடாபெஸ்ட் நகரிற் கூடினர். விறகுக்கு ஏங்கிய அதே நாட்டிற் காட்டுக்காகவும் குரல் எழுந்தமை கருதற்பாலது.

விலையேற்றத்தால் வாடிய நாடுகளின் நிலை அது. குண்டு விழும் உக்ரேனின் நிலை வேறு. அந்நாட்டு நகரங்களில் அடுக்குமாடி வீடுகட்கு வெந்நீர் பொது நிலையங்களிலிருந்து குழாய்வழி வருவது. 2022 ஒக்டோபர் முதல் மின்னிலையங்கள் தாக்கப்பட்டன. மின்சாரம் நின்றாற் பம்பி நிற்கும். பம்பி நின்றாற் கலங்கள் குளிரும். குளிர் முதிர்ந்தாற் குழாயினுள் நீர் உறைந்து குழாயே வெடிக்கும். அந்நிலையிலே ‘புர்ஷூய்க்கா’ எனப்படும் சிறிய இரும்படுப்பு உயிர் காத்தது. 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் முற்றுகையில் நாற்காலிகளையும் நூல்களையும் எரித்து மக்கள் உயிர் தாங்கியதும் அத்தகைய அடுப்பினாலேயே. நடுவண் நிலையமொன்றைத் தாக்கி ஓர் ஊரையே குளிரவைக்கலாம். வீடுதோறும் எரியும் தீயை அவ்வாறு அவித்தல் அரிது. விறகடுப்பின் முதற் சிறப்பு இது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 4 கிலோவாற்று மணி வெப்பந் தரும். அதில் நாலில் மூன்று பங்கு நீரைச் சேருமென வைத்துக்கொண்டால், 200 இலீற்றர் நீரை 10 பாகையினின்று 60 பாகைக்கு ஏற்ற 4 கிலோ விறகு போதும். குளியலுக்கு இது மலிவே. ஆயின் ஆண்டு முழுவதும் 12,000 கிலோவாற்று மணி வேண்டும் வீடொன்றுக்கு 4 தொன் வேண்டும். ஓர் இலட்சம் வீடுகட்கு 4 இலட்சம் தொன் வேண்டும். ஒரு வீட்டுக்கு எளிதாயது ஒரு நகருக்கு எளிதன்று என்பதை இக்கணக்கே காட்டும்.

மேலும், விறகெல்லாம் விறகன்று. புதிதாய் வெட்டிய மரத்தின் எடையிற் பாதியளவு நீராக இருத்தல் கூடும். தீயின் ஆற்றலில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிற் செலவாகும். எஞ்சுவது உலர்ந்த விறகு தருவதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே பிளந்த விறகை ஓரிரண்டு ஆண்டுகள் காற்றோட்டமான கொட்டிலில் அடுக்கி உலர்த்தல் வேண்டும். நெருக்கடி வந்தபின் விறகு தேடுவோர்க்கு உலர்ந்த விறகு எங்கே கிடைக்கும்?

நீரை அடுப்போடு இணைப்பதிலும் இடர் உண்டு. திரும்பிவரும் நீர் மிகக் குளிர்ந்திருந்தால் அது தீயின் சூட்டைத் தணிக்கும், தீ முற்ற எரியாது, புகை பெருகும், புகைபோக்கியிற் கீல் படிந்து ஒருநாள் அக்கீலே தீப்பற்றும். ஆதலால் திரும்பும் நீரை 55 பாகைக்குக் குறையவிடாத வால்வு பொருத்துவர். பம்பி நின்றவிடத்துச் சூடு வெளியேற வழியின்றேல் நீர் கொதிக்கும். ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அதனை அடைத்துவைத்த இரும்புப் பெட்டி வெடிக்கும். தானே நீர் சுழலும் கலமொன்றும், மிகுநீரை ஏற்கும் திறந்த தாங்கியும், அமுக்கத்தை விடுக்கும் வால்வும் இன்றி இவ்வடுப்பை மூட்டுதல் தற்கொலைக்கு ஒப்பாம். அறிந்தோர் 1,000 இலீற்றர் கொள்ளும் பெருந்தாங்கியொன்றையும் சேர்ப்பர். தீயை முழு வேகத்திற் சில மணிநேரம் எரித்து, வெப்பத்தை நீரிற் சேமித்து, நாள் முழுவதும் செலவிடலாம். மூடிமூடிப் புகையவிடுவதிலும் இது நன்று.

இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. புகையோ ஊர்ப்பொறுப்பு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய கரும்பனியினால் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேரென அன்று மதித்தனர். பின்னாளைய ஆய்வாளர் சிலர் 12,000 வரை உயர்த்தினர். வீட்டு நிலக்கரிப் புகையே அதற்குப் பெருங்காரணம். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அன்று நிலக்கரியை வெளியேற்றிய நகரங்களுக்குள் இன்று விறகு நுழைகின்றது. வீடுகளில் எரியும் விறகினின்று எழும் நுண்துகள், வாகனங்களின் புகைக்குழாய்களினின்று வருவதிலும் மிகுதியென்பது பிரித்தானிய அரசின் கணக்கு. உலக சுகாதார தாபனம் 2021இல் அத்துகளின் ஆண்டு எல்லையை ஒரு கனமீற்றருக்கு 10 மைக்குரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு மே முதல், நூற்றுக்கு 20 வீதத்திற்கு மேல் ஈரமுள்ள விறகைச் சிறு அளவில் விற்றலை இங்கிலாந்து தடுத்தது. தக்க விதியே, ஆயினும் உலர்ந்த விறகும் புகையற்றதன்று.

காட்டையும் கருதுவோம். வெட்டிய மரத்திற்கு ஈடாக வேறு மரம் வளருமாதலால் விறகு குற்றமற்றதெனக் கொண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி அதனைப் புதுப்பிக்கத்தகும் எரிபொருளிற் சேர்த்தது. எரிதற்கு ஒரு மணி போதும். வளர்தற்கு அரை நூற்றாண்டு வேண்டும். இடைப்பட்ட கடனை யார் இறுப்பது? காடு மலிந்த பின்லாந்திலேயே, நிலமும் காடும் சேர்ந்து உறிஞ்சும் கரியிலும் வெளிவிடும் கரி மிகுந்ததென 2021ஆம் ஆண்டுக் கணக்கு முதன்முறையாகக் காட்டியது. விறகெரிப்பு ஒன்றே அதற்குக் காரணமன்று. மிகுதியாக வெட்டியமையும் வளர்ச்சி குன்றியமையும் மண் வெளிவிட்ட கரியும் சேர்ந்தன. ஆயினும் காட்டின் கணக்கு வற்றாத பொற்கிணறன்று என்பது தெளிவாயிற்று.

ஆதலின் யான் துணிவது இது: விறகடுப்பு நல்ல துணை, தலைமைக்கு உரியதன்று. தன் தோப்பு மரத்தை வெட்டி உலர்த்தி எரிக்கும் நாட்டுப்புறக் குடியானவர்க்கும், மின்சாரமிழந்த உக்ரேனியத் தாய்க்கும் அதனை மறுத்தல் அறமன்று. வேறு வெப்பவசதி நிறைந்திருந்தும், அழகு கருதி நெருக்கமான நகரத் தெருவிலே மூட்டும் தீக்கு அவ்வுரிமையைக் கோரலாகாது. வறியோர் கைக்கெட்டும் விலையில் வேறு வெப்பத்தை வழங்காமல் விறகைத் தடுக்கும் அரசும் நீதி செய்ததாகாது. சுவரையும் கூரையையும் வெப்பம் கசியாதபடி திருத்துதற்கு உதவுதல் அரசின் முதற்கடன். கசியும் வீட்டுக்கு எவ்வளவு எரித்தும் போதாது.

நம் தமிழிலே ‘குளிர்காய்தல்’ என்னும் தொடர்க்கு இரு பொருள் உண்டு. தீயருகிருந்து உடலைச் சூடாக்குதல் ஒன்று. பிறர் துன்பத்தைத் தனக்கு வாய்ப்பாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. முதற்பொருள் இரண்டாவதாகத் திரிந்துவிடாதபடி காத்தலிலேயே ஐரோப்பிய அரசுகளின் நடுவுநிலைமை விளங்கும்.