சத்தம் போடும் எஞ்சினும் மாமா கொண்டுவந்த பழைய பாதையும்

புதுச்சேரியில் பல வீடுகளுக்கு ஒரு பிரான்ஸ் சொந்தம் உண்டு. விடுமுறைக்கு வரும் மாமாவின் பெட்டியில் சென்ட், சாக்லேட்டோடு சில சமயம் ஒரு குட்டி ரயில் செட்டும் வந்து இறங்கும். அந்தக் காலத்தில் வந்தவை எல்லாம் அனலாக். இப்போது வரும் எஞ்சின்களிலோ டிஜிட்டல் டிகோடரும் சின்ன ஸ்பீக்கரும் இருக்கின்றன. புது எஞ்சினைப் பழைய பாதையில் ஓட்டலாமா? 'கூடாது, பழசைத் தூக்கிப் போடு' என்று சொல்பவர்கள் உண்டு. அது தேவையில்லாத செலவு வைக்கும் யோசனை!

முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அனலாக்கில் தண்டவாளத்துக்குப் போகும் வோல்ட்தான் வேகம். குமிழைத் திருப்பினால் சுமார் 12 வோல்ட் வரை ஏறும். பிளஸ், மைனஸ் மாறினால் வண்டி பின்னால் போகும். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், அதோடு கட்டளைகளும் சேர்ந்து போகும். '3ஆம் நம்பர் எஞ்சின், ஹார்ன் அடி' என்றால் அது மட்டும் அடிக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது.

அந்தத் தரத்திலேயே அனலாக்குக்கும் இடம் உண்டு என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். டிகோடரின் 29ஆம் அமைப்பில் அனலாக் வசதியை ஆன் செய்திருந்தால் எஞ்சின் பழைய பாதையிலும் ஓடும், சத்தமும் வரும்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. முதல் சில வோல்ட் டிகோடரை எழுப்பவே போய்விடும். சாதாரண எஞ்சின் கிளம்பும் இடத்தில் இது அசையாமல் நிற்கும். வோல்ட்டை முழுக்கக் குறைத்தால் ஸ்டேஷனில் ஊமையாகிவிடும். நினைத்த நேரத்தில் ஹார்ன் அடிக்க முடியாது. இதற்காகவே க்யூஎஸ்ஐ நிறுவனம் 'குவாண்டம் இன்ஜினியர்' என்ற பெட்டியை விற்றது. ஆனால் அது அந்த வகை டிகோடர்களுக்கு மட்டும்தான்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் கன்ட்ரோலர்கள் டிகோடரைக் குழப்பும். சில பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் எழுதியிருப்பதைவிட அதிக வோல்ட் தரும், அளந்து பார்ப்பது நல்லது. கடற்காற்று வீசும் ஊரில் தண்டவாளம் சீக்கிரம் கறுத்துப்போகும். தொடர்பு ஒரு நொடி விட்டாலும் சத்தம் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

1879இல் புதுச்சேரிக்கு ரயில் வந்தது மீட்டர் பாதையில். 2000களில் அது அகலப் பாதையானபோது பழைய பெட்டிகளுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. சக்கரங்களின் இடைவெளியே வேறு, வேறு வழியில்லை. மாதிரி ரயிலில் அந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது? அதே இரண்டு தண்டவாளம், அதே இடைவெளி. சின்ன வளையப் பாதையாக இருந்தால், பின்னாளில் பணம் சேரும்போது கன்ட்ரோலரை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். அப்போது ஒன்றை மறக்கக்கூடாது. டிகோடர் இல்லாத பழைய எஞ்சினை டிஜிட்டல் பாதையில் நிறுத்தி வைத்தால் மோட்டார் சூடாகிக் கெட்டுவிடலாம். இந்தப் பக்கம் இருக்கும் சலுகை அந்தப் பக்கம் இல்லை.

ஒரே ஒரு எஞ்சின் ஓடும் வீட்டுக்கு அனலாக் தாராளமாகப் போதும். இரண்டு மூன்று எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசை வரும்போது டிஜிட்டலுக்குப் போகலாம். அதுவரை பரணில் இருக்கும் பாதையை இறக்கித் துடைத்து, புது எஞ்சினை அதில் ஏற்றட்டும். மாமா கொண்டுவந்த பாதையில் மருமகனின் எஞ்சின் கூவிக்கொண்டு போனால் வீட்டில் யாருக்குத்தான் பிடிக்காது?