பொய்த் தவளையும் மெய்யான பொறுப்பும்

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளோடு அண்மைக் காலமாக ஒரு நீளமான பையும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே பிள்ளைகள் வாங்கிய தூண்டில் ராடு, ரீல், ஒரு டப்பா நிறைய ரப்பர் தவளைகள். "எங்கள் காலத்தில் மூங்கில் கம்பும் மண்புழுவும் போதுமாக இருந்ததே, இந்தப் பொம்மைக்கு இவ்வளவு பணமா?" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது. மாட்டுங்காவின் மரக்கறி நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் சமையல் குறிப்பு எதுவும் இல்லை. உயிரோடு விளையாடுகிறவனுக்கு என்ன பொறுப்பு உண்டு என்பதே பேச்சு.

பொம்மைக்குச் செலவழிப்பது வீண் அல்ல என்பது என் கருத்து. ஆனால் பொம்மையை மட்டும் வாங்கி, அதற்கு ஏற்ற கருவியை வாங்காமல் விடுவது வீணைவிட மோசமானது.

நீர்மேல் மிதக்கும் பொய் இரை நமக்கு அந்நியமானதும் அல்ல. விரால் மீன் மேலே வந்து காற்றைக் குடித்துப் போகும் இயல்புடையது. பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் பதுங்கியிருந்து, மேலே தத்தும் தவளையைப் பாய்ந்து கவ்வும். இதை அறிந்துதான் நம் ஊர்களில் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விரால் பிடித்தார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றியும், 1887இல் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாகவும் புத்தகங்கள் எழுதினார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தைச் செதுக்கித் தவளை செய்தார். அவர் பெயரில் வளர்ந்த கம்பெனியின் 'ஜாரா ஸ்பூக்' என்ற பிளாஸ்டிக் இரை 1939 முதல் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. நம் குளத்துத் தவளைக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. வயலில் பூச்சியைத் தின்னும் தவளை குறைந்துபோகிறதே என்ற கவலையில் 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்தியது. ரப்பர் தவளை ஒன்று எத்தனையோ நிஜத் தவளைகளை முள்ளிலிருந்து காப்பாற்றும்.

ஆனால் எந்தத் தண்ணீருக்கு எந்தப் பொம்மை? பாசி மூடிய குளத்துக்கு உள்ளே கூடான ரப்பர் தவளைதான் சரி. அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் இலையில் மாட்டாது. மீன் கவ்வி அமுக்கும்போதுதான் முள் வெளிப்படும். திறந்த நீருக்கு இரண்டு வகை. வாய் குழிந்த 'பாப்பர்' ஒவ்வொரு சுண்டலுக்கும் 'பளக்' என்று ஓசை எழுப்பும். கொங்கணக் கரையில் பாறை மீன் இதற்கு வரும். சுருட்டுப் போன்ற 'பென்சில்' இடமும் வலமுமாக நெளிந்து நடக்கும். அமைதியான கழிமுகத்தில் கொடுவாய்க்கு ஏற்றது. மூன்றுக்கும் நல்ல நேரம் வெயில் ஏறாத காலையும், வெயில் தாழ்ந்த மாலையும்.

இனி முக்கியமான செய்தி. நான்கு கிலோ விரால் தவளையைக் கவ்வியதும் நேரே பாசிக்குள் புகுந்துவிடும். மெல்லிய தங்கூஸ் நரம்பும் வளைந்து கொடுக்கும் குச்சி ராடும் வைத்திருப்பவன் அங்கே என்ன செய்வான்? நரம்பு அறும். பிள்ளைக்கு நூறு, இருநூறு ரூபாய் நஷ்டம். மீனுக்கோ வாயில் இரட்டை முள்ளோடு மீதி வாழ்க்கை. ஆகவே பாசிக் குளத்துக்கு ஆறரை அல்லது ஏழடி நீளமுள்ள விறைப்பான ராடும், முப்பது முதல் ஐம்பது பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பும் வேண்டும். பின்னல் நரம்பு மிதக்கும் என்பதால் இரையும் ஒழுங்காக மிதக்கும். கடைக்காரர் புளூரோகார்பன் நரம்பைப் புகழ்ந்தால், மேல்நீர் இரைக்கு அது வேண்டாம் என்று சொல்லுங்கள்; அது மூழ்கி, இரையின் மூக்கையும் கீழே இழுக்கும். தண்ணீர் தெறித்தவுடன் பதறி இழுக்கவும் கூடாது. ராடைச் சற்றுத் தாழ்த்தி, மீன் தவளையோடு திரும்பும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு ஓங்கி இழுக்க வேண்டும்.

பாப்பரிலும் பென்சிலிலும் தொங்கும் மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் பொருத்துங்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்து நிற்கும் சிறு பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடும் என்று பையன் வாதாடுவான். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் பெரும்பாலும் தப்பாது. தம்பியின் விரலில் முள் ஏறினாலும் எளிதாகக் கழற்றலாம்.

மும்பையில் இதற்கு இடம் உண்டா? 1891இல் கட்டி முடித்த பவாய் ஏரியின் கரையில் மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் சங்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் விதிகளைக் கேட்டறிந்து முறையாகப் போக வேண்டும். அங்கே முதலைகள் உண்டு என்பதால் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. விகாரும் துளசியும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தூண்டிலோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். மழைக்காலப் பேரலை நாட்களில் பாந்த்ராப் பாறைகளில் நிற்பதைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். எந்த மீனும் பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

விகாரும் பவாயும் நிரம்பி வழியும் நீர்தான் மித்தி ஆறாகித் தாராவியை ஒட்டி ஓடி மாகிமில் கடலில் சேர்கிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தக் கழிமுகம், தாராவி கோளிவாடாவின் மீனவர்களுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது. மேலே தெளிந்த ஏரியில் மீன் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை, அதே நீர் கீழே என்ன ஆகிறது என்று கேட்கத் தொடங்கினால், அந்த ஒரு கேள்விக்காகவே ராடு வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு பழக்கம். விரால் பெற்றோர் குஞ்சுகளைக் காவல் காப்பவை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளித்தபடி நகரும். அதன் அடியில் பெரிய மீன் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே பொய்த் தவளையை விட்டெறிந்தால், பசி இல்லாவிட்டாலும் தாய் தந்தை மீன் சீறி வந்து கவ்வும். பலர் இதைத் திறமை என்று நினைக்கிறார்கள். காவல் போனதும் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையையே அழிப்பது விளையாட்டாகுமா? மழைக்காலத்தில் வலையைச் சுருட்டி வைத்து, நாரளி பூர்ணிமாவுக்குத் தேங்காய் விட்டு வணங்கியபின் கடலுக்குப் போகும் கோளி மீனவர்களிடம் நாம் கற்க வேண்டியது இந்தப் பொறுமையைத்தான்.

ஆகவே பெற்றோர்களே, பொம்மைக்குக் காசு கொடுக்கும்போது மூன்று நிபந்தனை விதியுங்கள். மீனை அறுத்துக்கொண்டு போகவிடாத உறுதியான ராடும் நரம்பும் இருக்க வேண்டும். ஊர்க் குளத்தில் குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்கு நடக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்கும் பிள்ளையின் பையில் எத்தனை ரப்பர் தவளை இருந்தாலும் தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார். குளத்தங்கரைக்குத் துணைக்கு வந்தாலும் வருவார்.