வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு கேக்கலாமா?

"வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி உண்டியலை நீட்டினியாடா?"

போன்ல அம்மா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தங்கமணி நடந்ததை எல்லாம் போட்டுக் குடுத்தாச்சு. என் தரப்பு நியாயத்தைச் சொல்ல அம்மா விடல. அதான் இங்க வந்து சொல்றேன். நீங்களாவது கேளுங்க மக்களே.

நான் பொட்டி தட்டறது வட கரோலினால, ராலே பக்கத்துல. இந்த ஊர்ல ஹவுஸ் கான்செர்ட்னு ஒரு பழக்கம் இருக்கு. வீட்டு ஹால்ல சோபாவை ஓரங்கட்டிட்டு, இருபது முப்பது நாற்காலி போட்டு, ஊர் ஊராப் போய் வாசிக்கிற நாட்டுப்புறப் பாடகரையோ புளூகிராஸ் கோஷ்டியையோ கூப்பிட்டுப் பாட வைக்கிறது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ரெண்டு பாதியா வாசிப்பாங்க. நடுவுல இடைவேளை, ஆளுக்கு ஒண்ணா கொண்டுவந்த சாப்பாடு. வர்றவங்க ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை போடுவாங்க. அது மொத்தமும் கலைஞருக்கு. வீட்டுக்காரருக்குப் பூஜ்யம். ராத்திரி தங்க இடமும் காலைல டிபனும் பெரும்பாலும் அவர் செலவுதான்.

புளூகிராஸ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பத்தி. கெண்டக்கிக்காரர் பில் மன்றோ 1940கள்ல உருவாக்கின பாணி. பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிடார், ஆளுயரத்துக்கு ஒரு பாஸ். டிரம்ஸ் கிடையாது. மாண்டலின்காரர் எதிர்த்தட்டுல 'சக் சக்'னு வெட்டறதுதான் தாளம். நமக்கெல்லாம் மாண்டலின்னா ஸ்ரீநிவாஸ்தானே, அதே கருவி இங்க மிருதங்க வேலையும் பாக்கும். பாஞ்சோவை மூணு விரல்ல உருட்டற பாணியை உலகம் பூரா கொண்டு போன எர்ல் ஸ்க்ரக்ஸ் (1924-2012) எங்க மாநிலத்துக்காரர். 1945 கடைசில மன்றோ கோஷ்டில சேர்ந்தார். அந்த பாஞ்சோவோட பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து அடிமைகளாப் பிடிச்சு வரப்பட்டவங்களோட வந்த வாத்தியம் அது. அஞ்சாவது கம்பி மட்டும் குட்டையா இருக்கும். அது விடாம ஒரே சுரத்தைச் சொல்லிட்டே இருக்கறதைக் கேட்டா நமக்குத் தம்புரா ஞாபகம் வரும்.

2013லேர்ந்து 2024 வரைக்கும் சர்வதேச புளூகிராஸ் சங்கத்தோட வருடாந்திர விழா ராலேலதான் நடந்தது (2025ல சட்டனூகாவுக்குப் போயிடுச்சு). 2023ல ஒரு சனிக்கிழமை ஃபயட்வில் தெருவுல சும்மா வேடிக்கை பாக்கப் போய் நின்னவன், சாயங்காலம் வரைக்கும் அசையல. திங்கக்கிழமை ஆணி புடுங்கற இடத்துல இதைப் பத்தி உளறினப்போ, எங்க டீம்ல ரிட்டையர் ஆகப்போற பெரியவர் ஒருத்தர், "அடுத்த மாசம் என் வீட்டுக்கு வா, பக்கத்துல உக்காந்து கேளு"ன்னார்.

போனேன். ஆறடி தூரத்துல நாலு பேர் வாசிக்கிறாங்க. பழைய ரேடியோ நாள்ல ஒரே மைக்கைச் சுத்தி எல்லாரும் நின்னு, யார் தனியா வாசிக்கணுமோ அவர் முன்னாடி வந்து, முடிஞ்சதும் பின்னாடி போவாராம். இங்க மைக்கே இல்லை, ஆனா அதே நடை. சத்தத்தைக் கூட்டறதும் குறைக்கறதும் காலாலதான். பாஞ்சோ சத்தமான ஜந்துங்கறதால அவர் பின்வரிசை. பாட்டி ஒருத்தர் பாட ஆரம்பிச்சதும் அவர் விரலை அடக்கி வாசிச்சார் பாருங்க, அதை எந்த ஹெட்போன்லயும் நான் கேட்டதில்லை. ஆரம்பிக்கும் முன்னாடி பெரியவர் எழுந்து, "ஆளுக்கு 20 டாலர், ஜாடி அங்க இருக்கு, எல்லாம் இவங்களுக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்தார். பத்து செகண்ட். யாரும் முகம் சுளிக்கல.

சூடு போட்டுக்கணுமே நாம. 2024 வசந்தத்துல நானும் ஒண்ணு நடத்தினேன். பிடிலும் கிடாருமா ஒரு ஜோடி, பூன் பக்கம் மலைலேர்ந்து மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தாங்க. நம்ம நண்பர்களைக் கூப்பிட்டேன். கொலுவுக்கு வாங்கி வெச்சிருந்த மடக்கு நாற்காலியை ஒருத்தர் குடுத்தார், இன்னொருத்தர் பிரியாணி. அழைப்புல காசு பத்தி எழுதத்தான் கை கூசிச்சு. வீட்டுக்குக் கூப்பிட்டுட்டு ரேட் போடறதாவது! கடைசி வரில "விருப்பமிருந்தால் கலைஞர்களுக்கு அன்பளிப்பு"ன்னு போட்டு முடிச்சுட்டேன். வர்றேன்னு சொன்னது 34 பேர். வந்தது குழந்தைங்க நீங்கலா 19. அதுல பாதிப் பேர் சமையலறைல கிரீன் கார்டு வரிசை பத்திப் பேசிட்டிருந்தாங்க.

எல்லாரும் கிளம்பினப்புறம் ஜாடியைக் கொட்டி எண்ணினேன். 87 டாலர்.

அங்கயே நின்னேன். ரெண்டு பேருக்கு, ஆறு மணி நேரம் காருக்கு, ஒரு ராத்திரிக்கு. கைல இருந்தது, தங்கமணி பர்ஸ்ல இருந்தது எல்லாம் சேர்த்து 300 ஆக்கி கவர்ல போட்டுக் குடுத்தேன். "எல்லாரும் குடுத்தாங்க"ன்னு ஒரு பொய் வேற. அந்தம்மா கவரைப் பிரிக்காம நன்றி சொன்னாங்க. அவங்களும்தான் ஜாடியைத் தாண்டி நாலு தடவை நடந்திருப்பாங்க. தெரிஞ்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி எனக்குப் புரிஞ்சது இதுதான். என் கூச்சத்துக்கு நான் பேர் வெச்சது விருந்தோம்பல். அதுக்கு பில் கட்டினது மலைலேர்ந்து வந்த ரெண்டு பேர். வந்த 19 பேர் மட்டும்தான் விருந்தாளியா? வாசிச்சவங்களும் என் வீட்டு விருந்தாளிங்கதானே. 19 பேர் முன்னாடி சங்கடப்படாம இருக்க ரெண்டு பேரைச் சங்கடப்பட வெச்சேன்.

நண்பர்களையும் குத்தம் சொல்ல முடியாது. 'விருப்பமிருந்தால்'னு எழுதினா என்ன போடணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அஞ்சு போட்டா கேவலமா, ஐம்பது போட்டா பந்தாவா? தெரியாதவன் போடாமப் போறான்.

அம்மாவோட வாதத்துல ஒரு நியாயம் இருக்கு. "நாதஸ்வரக்காரருக்குக் கல்யாண வீட்டுக்காரன்தான் குடுக்கணும். பந்தில உக்காந்தவன்கிட்டயா வசூல் பண்ணுவாங்க? உனக்கு வக்கிருந்தா நீ குடு." யோசிச்சுப் பாத்தேன். நானே குடுத்தா வருஷத்துக்கு ஒண்ணு நடத்தலாம், அதுவும் நான் வசதியா இருக்கற வரைக்கும். அப்ப அது என் வீட்டு விசேஷம், பாட்டு பின்னணி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா டவுன்ஹவுஸ்ல இருக்கற சாதாரண ஆளும் வருஷத்துக்கு மூணு நாலு நடத்தலாம். காசு போட்டவர் விருந்துக்கு வரல, கேக்க வர்றார்.

இன்னிக்கு இவங்களுக்கு வேற வழியும் சுருங்கிட்டு வருது. ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து, 12 மாசத்துல 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. பார்ல வாசிச்சா டிவில ஃபுட்பாலோட போட்டி போடணும். 25 பேர் ஆளுக்கு 20 போட்டா 500 டாலர், அதுவும் வாய் மூடிக் கேக்கற 25 பேர். சின்னக் கோஷ்டிக்கு இது சாதாரணம் இல்லீங்க.

ரெண்டாவது கச்சேரிக்கு முதல் வரிலயே எழுதினேன்: 'ஆளுக்கு 20 டாலர், குழந்தைகளுக்கு இலவசம், முழுத்தொகையும் கலைஞர்களுக்கு.' முடியாதவங்க தயங்காம வரலாம், என்கிட்ட மட்டும் சொன்னா போதும்னு ஒரு வரி. கை நடுங்கத்தான் செஞ்சுது. ரெண்டு பேர் வாட்ஸப்ல நக்கல் அடிச்சாங்க, வரல. 23 பேர் வந்தாங்க, 480 டாலர் சேர்ந்தது. சமையலறை காலி. கிரீன் கார்டு இடைவேளைல மட்டும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மூணாவது கச்சேரிக்கு மாமியாரோட வந்தார், அது தனிக் கதை.

நடத்தணும்னு தோணறவங்களுக்கு, பட்டுத் தெரிஞ்ச சிலது:

- விலாசத்தைப் பொதுவுல போடாதீங்க. வர்றேன்னு உறுதி சொன்னவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. இது வீட்டு அழைப்பு, சபா டிக்கெட் இல்லை.
- காசு உங்க கை வழியா வேற எதுக்கும் போகக் கூடாது. நாற்காலி செலவுக்குன்னு பத்து டாலர் எடுத்தாலும் பேர் கெட்டுடும். ஹெச்1பி-ல இருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.
- பக்கத்து வீட்டுக்காரரை முதல் ஆளாக் கூப்பிடுங்க. பார்க்கிங் புகார் வராது.
- வாசிக்கும்போது ஃபிரிட்ஜை அணைச்சுடுங்க. அதோட முனகல் இவ்வளவு பெரிசுன்னு அன்னிக்குத்தான் தெரியும். மறக்காமத் திரும்பப் போடுங்க. நான் மறந்து, காலைல இட்லி மாவு தட்டு தாண்டி வழிஞ்சு நின்னுது. இப்பல்லாம் என் போனை ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுடறேன். கச்சேரி நடுவுல மணியும் அடிக்காது, ஃபிரிட்ஜும் மறக்காது.

இதையெல்லாம் நேத்து அம்மாகிட்ட ஒரு வழியா சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "காசு வாங்கறது வாங்கு. ஆனா அந்த ஜாடியோட தூக்கிக் குடுக்காதே. தட்டுல வெச்சுக் குடு."

அது சரிதான். வர்ற மாசம் நாலாவது கச்சேரி. வெத்தலைக்கு இந்தியக் கடைல சொல்லி வெச்சிருக்கேன்.

டிஸ்கி: நடத்தறது நான், ஆனா நாற்காலி மடிக்கறதும் மாவு வழிச்சதும் தங்கமணிதான். இதைப் போடலைன்னா இந்தப் பதிவு போடவே விடமாட்டாங்களாம். :-)