கதவுக்குப் பின்னால் தொங்கும் துவக்கு

எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கொழும்பில் வியாபாரம். வாரத்தில் நான்கு இரவுகள் அவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியும்தான் வீட்டில். ரப்பர் சீட் இரண்டு தடவை களவு போய்விட்டது. மாமனார் விட்டுப்போன ஒற்றைக்குழல் துவக்கு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. "அதைத் திருத்தி எடுப்பதா? அல்லது ஐந்து வெடி வைக்கும் புதியதாக வாங்குவதா? நானும் சுடப் பழகலாமா?" என்று கேட்கிறார்.

பெண்ணுக்கு ஏன் துவக்கு என்று தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடிதத்தில் "மாமனார் விட்டுப்போன" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

துவக்கு, காணி பூமி போல வாரிசுக்குத் தானாக வந்து சேரும் சொத்து அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் ஆளின் பெயருக்கு உரியது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. உரியவர் மௌத்தாகிவிட்டால் துவக்கை ஒப்படைத்துவிட்டு, வேண்டியவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறது. ஆகவே சகோதரி, திருத்துவது பற்றி யோசிக்க முன்னர் கணவரைக் கச்சேரிக்கும் பொலிஸுக்கும் அனுப்புங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு என்றால் மாவட்டச் செயலகம். தற்பாதுகாப்புக்கென்று கேட்டால் பாதுகாப்பு அமைச்சு. அமைச்சு கொடுத்ததைத் திருப்பியும் கேட்கும். 2024ஆம் ஆண்டின் கடைசியில், தற்பாதுகாப்புக்காக வழங்கியிருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது நினைவிருக்கும்.

பத்திரம் சரியானபின் பழைய துவக்கை நல்ல துவக்குக் கம்மியர் ஒருவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்து மழையும் ஈரமும் இரும்பைச் சும்மா விடாது. குழலின் உட்பக்கம் துரு தின்று குழி விழுந்திருக்கிறதா, மடக்கும் இடம் ஆடுகிறதா என்று அவர் பார்ப்பார். தோட்டா அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு வெட்டியது. இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீற்றர். இது அந்த அறைக்குள் இலகுவாகப் போய்விடும், ஆபத்தே அதுதான். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் குழலுக்குள் அழுத்தம் ஏறும். துருப்பிடித்த குழல் அதைத் தாங்குமென்று சொல்ல முடியாது.

அடுத்தது ஐந்து வெடித் துவக்கு. இதில் என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1971 ஏப்ரலில் எனக்கு ஒன்பது வயது. கேகாலை மாவட்டத்தில் எங்களுக்கும் சிறு ரப்பர்க் காணி இருந்தது. பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்ட அந்த வாரத்தில் ஒரு நாள் இரவு ஏழெட்டு வாலிபர்கள் வந்து வாசலில் நின்றார்கள். பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "முதலாளி, துவக்கைத் தாங்க" என்றார்கள். அது எந்த அறையில் இருக்கிறது, தோட்டா எத்தனை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாப்பா எடுத்துக் கொடுத்தார். உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிப் பிடித்திருந்தார். கிளர்ச்சிக்காரர்கள் அப்போது வீடு வீடாகத் துவக்குச் சேர்த்தார்கள். 1987க்குப் பிந்திய பயங்கர வருடங்களிலும் அதுவே நடந்தது. துவக்கு இல்லாத எங்கள் பக்கத்து வீட்டுக் கதவை அன்று யாரும் தட்டவில்லை. பெரிய துவக்கு வாங்கினால் அந்தச் செய்தி பால்வெட்டுக்கு வருபவர் முதல் சந்திக் கடைவரை ஒரே நாளில் போய்விடும், சகோதரி.

சினிமாவில் காட்டுவது போல இந்தச் சன்னங்கள் அறை முழுவதும் பரவுவதும் இல்லை. ஐந்து யார் தூரத்தில் ஒரு உள்ளங்கை அகலம் கூடப் பரவாது. ஆகவே இருட்டில் குறி பார்க்காமல் சுட்டால் தவறத்தான் செய்யும். தவறியது எங்கே போகும்? காட்டுப்பன்றிக்கு வைக்கும் எஸ்.ஜீ. தோட்டாவில் கடலைப் பருமனில் ஒன்பது அளவில் சன்னங்கள் இருக்கும். பலகைச் சுவர் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் கட்டில்.

சுடப் பழகுவதை நான் தடுக்க மாட்டேன். பயந்துகொண்டு தூக்குவதைவிட அறிந்து தூக்குவது நல்லது. ஆனால் பத்திரம் கணவரின் பெயரில் இருக்கும்போது உங்கள் கையில் துவக்கு வரலாமா என்பதைக் கச்சேரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, தெரிந்த ஒருவரிடம் வெறும் துவக்கோடு தொடங்குங்கள். மடக்கித் திறந்து குழல் வெறுமையா என்று கண்ணால் பார்ப்பது, விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது, குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்புவது. இவை கை தானாகச் செய்யுமளவுக்குப் பழக வேண்டும். இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்தே கொடுங்கள். உருவிய வாளை அப்படியே கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் அல்லவா? அதே கவனம்தான் இதுவும்.

ஆண்களின் அளவுக்குச் செய்த பிடங்கு பெண்களுக்கு நீளம். தோளில் பொருந்தாமல் புயத்தில் உதைத்து நீலம் பாரிக்கும். அடுத்த வெடிக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பிடங்கைக் குறைத்து இறப்பர் மெத்தை வைப்பது சிறிய வேலை. புதுத் துவக்கை விட அதுவே உங்களுக்கு உதவும். சிறு சன்னத் தோட்டாவில் தொடங்குங்கள், காதை அடைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ரப்பர்க் கொட்டிலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைக்கச் சொல்வார்கள். பன்றிக்கு என்று கட்டியதில் கால் இழந்தவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர் எந்தக் கம்பியைக் காண்பார்?

கொட்டிலுக்கு இரும்புக் கதவும் முற்றத்துக்கு வெளிச்சமும் போடுங்கள். குரைக்கும் நாய் ஒன்றும் வாசலில் இருக்கட்டும். கணவர் இல்லாத இரவில் சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு ஓர் அறையில் பூட்டிக்கொண்டு 119க்கு அழையுங்கள். ரப்பர் சீட் போனால் போகட்டும். துவக்கைக் கதவுக்குப் பின்னாலிருந்து இன்றே இறக்குங்கள். அது ஒரு பூட்டில், தோட்டாப் பேணி இன்னொரு பூட்டில். திறப்பு எங்கே என்று பெரிய மகனுக்கும் தெரியக் கூடாது.